தோற்கிற பக்கத்து ஜெனரல்

மே மாதம் பிறந்தாலே பொன்சியானோ ரெண்டோனுக்கு எரிச்சல் வந்துவிடும். மற்ற நாளெல்லாம் பஸ் சீட் தைத்துப் பிழைக்கிற மனிதர். மே ஐந்தாம் தேதி மட்டும் பிரெஞ்சு ஜெனரல். நீலக் கோட்டு, சிவப்புக் கால்சட்டை, முதுகுப் பையில் செருகிய நீள ரொட்டி. மெக்சிகோ நகரத்து விமான நிலையச் சுவரை ஒட்டிய பெனியோன் பேட்டையில் அன்றைக்குக் கடை கிடையாது, வேலை கிடையாது. தெருத் தெருவாக, மெக்சிகோ பிரெஞ்சுப் படையை விரட்டிய புவெப்லா சண்டையின் நாடகம்தான். மாலையில் மேட்டின் மேல் மெக்சிகோ ஜெயிக்கும். சரிவில் பொன்சியானோ குப்புற விழுவார்.

விழுந்தால் மட்டும் போதாது, நனையவும் வேண்டும். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டில் அசல் சண்டை நடந்த மதியம் மழை கொட்டி, கோட்டை மேட்டில் ஏறிய பிரெஞ்சுக்காரர்கள் சேற்றில் வழுக்கி உருண்டார்கள். இப்போதைய மழையை எவன் நம்புவது? அதனால் பேட்டைப் பெண்களே மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். முதல் வாளி ஜெனரல் தலையில் விழ வேண்டும். அதுதான் சைகை. வாளி எவர் தலையில் விழுந்ததோ அந்தப் பக்கம் தோற்றது, சண்டை முடிந்தது, சாப்பிடப் போகலாம். ஜெனரலை நனைக்கிற உரிமை அவர் மனைவிக்குத்தான். எர்மினியா முப்பது வருடமாகக் குறி தப்பாமல் ஊற்றுகிறாள். ஒரு தடவையாவது வெந்நீர் கலந்து ஊற்றினாளா என்றால் அதுவும் இல்லை.

இந்தத் தலையெழுத்துக்குக் காரணம் அவருடைய அப்பா. தொலூக்கா ஊர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். வெறும் கத்தியும் கம்புமாகப் பிரெஞ்சுக்காரனை எதிர்த்த மலைக்காரர்களின் வேஷம் இந்தப் பேட்டையில் பரம்பரைச் சொத்து. முகத்தில் கரி பூசிக்கொண்டு அந்த வரிசையில் நிற்க, தாத்தா இங்கே பிறந்திருக்க வேண்டும். வந்தேறிக்குக் காலியாக இருந்தது பிரெஞ்சுப் படைதான். அப்பா சாகிறவரை வருடா வருடம் தோற்றார். கோட்டு மகனுக்கு வந்தது.

கோட்டோடு கேலியும் வந்தது. ரொட்டிக் கடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரான்ஸ் தோற்ற அன்று, நாலு பேர் வாசலில் வந்து நின்று, "மனசைத் தேத்திக்குங்க ஜெனரல்" என்று துக்கம் விசாரித்தார்கள். சிகாகோவில் இருக்கிற தங்கை மகன் மே ஐந்தாம் தேதி போன் செய்து, "சுதந்திர தின வாழ்த்துகள் மாமா" என்றான். சுதந்திர தினம் செப்டம்பரில்டா என்று கத்தி அவருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அங்கே மே ஐந்தைச் சாக்கிட்டு பீர் விற்கிறவன் சொல்வதுதான் வரலாறு போலிருக்கிறது.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது ஒரே ஒரு வார்த்தை. கறிக்கடை நிகானோர் தினமும் அதைச் சொல்வார். மெக்சிகோ ஜெனரல் வேஷம் அவருக்குத்தான், தலைமுறை தலைமுறையாக.

"நாங்க ஜெயிச்சோம், நீங்க தோத்தீங்க. அவ்வளவுதானேய்யா கதை?"

"நாங்க இல்லய்யா, நாம! நாம ஜெயிச்சோம்! நான் என்ன பாரிஸ்லயா பொறந்தேன்?"

"சரி சரி, கோவப்படாதீங்க பிரெஞ்சுக்காரரே. ஈரல் வேணுமா?"

இந்த வருடம் டாக்டர் முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி மேடு ஏறுகிற நினைப்பே வேண்டாம் என்றார். இந்த ஒரு தடவை மட்டும் என்று பொன்சியானோ கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு, நேராகக் கறிக்கடைக்குப் போனார்.

"நிகானோர், இந்த வருஷம் நான் உங்க பக்கம். கரி பூசிக்கிட்டு மேல நிக்கப்போறேன். ஒரே ஒரு தடவை. அப்புறம் என் காலும் இல்ல, நானும் இல்ல."

நிகானோர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்போ தோக்குறதுக்கு யாரு?"

"டயர் கடை உபால்தோ. மூணு வருஷமா என் பின்னால நிக்கிறான், எல்லாம் தெரியும்."

நிகானோர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "வந்து தொலைங்க. ஆனா வாயத் தொறக்காதீங்க. உங்க குரல் கேட்டா பழக்கத்துல எங்க பசங்க சுட்டுருவாங்க."

வீட்டில் எர்மினியா கேட்டாள், "அப்போ நான் யார் தலைல ஊத்துறது?"

"உபால்தோ தலைல. கோட்டு போட்டிருக்கவன் தலைல. இதுல என்ன குழப்பம்?"

"எனக்கென்ன குழப்பம்? உங்களுக்குத்தான்."

மே ஐந்து அன்றைக்கு அவர் கரியை எண்ணெயில் குழைத்து முகம், கழுத்து, காது மடல் வரை அப்பிக்கொண்டார். பையில் மலைக்காரர் வேஷத்துக்கான முள்ளங்கியும் சோள அடையும். ஒவ்வொரு படியாக மூச்சு வாங்க ஏறி, உச்சியில் முன் வரிசையில் நின்றார். கீழே அவர் வருடா வருடம் விழுகிற இடம் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தபோது மலை போலத் தெரிந்த மேடு, மேலிருந்து பார்த்தால் இத்தனூண்டு. அப்பா பார்த்திருக்கலாமே என்று நினைத்தார். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு முறை பிரெஞ்சுக்காரர்கள் ஏறினார்கள், இரண்டு முறையும் மலைக்காரர்கள் துரத்தினார்கள். மூன்றாம் முறை உபால்தோ வந்தபோது பொன்சியானோவால் சும்மா நிற்க முடியவில்லை. ஒருவனையாவது தன் கையால் துரத்தினால்தான் ஆயிற்று என்று சரிவில் இறங்கி ஓடினார். காலை இழுத்து இழுத்து, தன் மைத்துனி வீட்டு மாடிக்குக் கீழே வந்துவிட்டார்.

மாடி விளிம்பில் எர்மினியா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். வெடிப் புகையில் கோட்டும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. தெரிந்தது அந்த நொண்டி நடை மட்டும்தான். கை தானாக வாளியைக் கவிழ்த்தது.

வாளித் தண்ணீர் மொத்தமும் பொன்சியானோ தலையில். கரி வழிந்து சட்டையெல்லாம் கறுப்பு.

ஒரு நிமிடம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு உபால்தோ குதித்தான். "மழை அவங்க தலைலடா! ஜெயிச்சுட்டோம்!"

மேலே நின்ற மலைக்காரர்களோ, வாளி விழுந்த சத்தம் கேட்டதுமே சண்டை முடிந்தது என்று கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு மோலே குழம்பு வாசனை வந்த திசையில் நடையைக் கட்டியிருந்தார்கள். பிரெஞ்சுப் படை தங்கு தடையில்லாமல் உச்சிக்கு ஏறியது. உபால்தோ ரொட்டியைக் கொடி மாதிரி ஆட்டினான்.

நிகானோர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யோவ் பொன்சியானோ! உங்க ஆளுங்கள எறக்குங்கய்யா!"

"என் ஆளுங்களா? நான் உங்க ஆளு!"

"எவன் ஆளா இருந்தா என்ன? மெக்சிகோவே போச்சு! நான் சொன்னா அந்தப் பய கேக்க மாட்டேங்கிறான்!"

பொன்சியானோ மேலே பார்த்தார். அவர் நின்ற இடத்தில் உபால்தோ நின்றுகொண்டிருந்தான். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. ஒரே ஒரு தடவை, அதுவும் இந்த லட்சணத்தில். முழங்காலைக் கையால் தாங்கித் திரும்பவும் ஏறினார்.

"கோட்டைக் கழட்டுடா."

"அண்ணே, ஜெயிச்சுட்டோம்ணே..."

"கழட்டுடா மடையா!"

ஈரச் சட்டையின் மேல் கோட்டை மாட்டிக்கொண்டு, எல்லா வருடமும் கத்துகிற அதே குரலில் கத்தினார். "பின்வாங்கு! எல்லாரும் பின்வாங்கு!" அந்தக் குரலுக்குப் படை பழகியிருந்தது. ரொட்டிகள் சிதற உருண்டு புரண்டு இறங்கியது. மாடிக்கு நேர் கீழே பொன்சியானோ குப்புற விழுந்தார். எர்மினியா இரண்டாவது வாளியைச் சரியான ஆள் தலையில் ஊற்றினாள். மெக்சிகோ ஜெயித்தது.

சாப்பாட்டுப் பந்தியில் சிரிப்பு அடங்கவில்லை. நிகானோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் தோத்த மகராசன் நீங்க ஒருத்தர்தான்யா!"

பொன்சியானோ தட்டைத் தள்ளினார். முகத்தில் பாதி கரி, பாதி தோல். "ரொம்பத் துள்ளாதீங்கய்யா! ஒரு சாயங்காலம் ஜெயிச்சதுக்கு இத்தனை ஆட்டமா? அடுத்த வருஷமே பெரும்படையோட திரும்பி வந்து புவெப்லாவப் பிடிச்சது யாரு? நாங்கதானே!"

எர்மினியாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. நாங்க என்று தான் சொன்னது பொன்சியானோவின் காதிலும் விழுந்திருந்தது. நிகானோருக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரிதான், ஆனால் அவர்கூட அதை மெல்லவில்லை. தன் தட்டிலிருந்த பெரிய கோழித் துண்டை எடுத்துப் பொன்சியானோவின் தட்டில் வைத்தார்.

"கோட்டைக் குடுங்க" என்றாள் எர்மினியா. "காயப் போடணும். அடுத்த வருஷத்துக்கு வேணும்ல? மேல ஏற வேணாம், கீழயே விழுந்தா போதும்."

அவர் கோட்டைக் கழற்றி, பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, அவளிடம் கொடுத்தார்.