முகத்துவாரத்தில் பச்சை

தேங்காய்ப்பட்டணத்து இஞ்ஞாசியின் குடும்பத்தில் முதல் பட்டம் மகன் அபின் வாங்கியது. அவன் கடலுக்கும் போகவில்லை, கல்ஃபுக்கும் போகவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு சின்ன கம்பெனியில் துறைமுகத்துக்கான ஆப் எழுதினான். முகத்துவாரத்தில் மணல் ஏறினால் அலை வள்ளத்தைப் புரட்டிவிடும். ஆழம் போதுமென்றால் போனில் பச்சை, போதாவிட்டால் சிவப்பு.

கருவி காட்டும் ஆழத்தை வாங்கும் கம்ப்யூட்டர் கோடு, கூட வேலை செய்யும் ஸ்மைலினுடையது. நிறம் சொல்லும் கோடு அபினுடையது. பிராஞ்ச் என்ற தனித்தனி நகலில் எழுதி ஒன்றாகச் சேர்ப்பார்கள். அபின் எப்போதும் முதலில் ஃபெட்ச் கொடுப்பான். அது ஸ்மைலினின் மாற்றங்களைக் கொண்டுவந்து வைக்கும், இவன் கோடில் கை வைக்காது. வரி வரியாகப் பார்த்த பிறகுதான் இரண்டையும் சேர்க்கும் மெர்ஜ். புல் கொடுத்தால் இரண்டும் ஒரே மூச்சில் முடிந்துவிடும்.

ஆப் எல்லார் போனிலும் ஏறிய முதல் காலை. பக்கத்து வள்ளத்துச் சிலுவைதாசன் சீண்டினான்: "லேய் இஞ்ஞாசி, ஒம் மவன் பச்ச காட்டுனா கடல் வழிவிட்டு நிக்குமோ?"

"நிக்கும்லே. எம் மவன் இஞ்சினியராக்கும்." பிறகு அபின் பக்கம் திரும்பி, "மக்கா, ஆச்சா? வெயில் ஏறுது."

அபின் புல் கொடுத்தான். இருவர் கோடிலும் ஒரு வரிகூட ஒன்றோடொன்று முட்டவில்லை. நெஞ்சு குளிர்ந்து புஷ் செய்து போன்களுக்கு அனுப்பினான். பச்சை விழுந்தது. தினமும் தடுப்புச்சுவரில் ஏறி நின்று அலை பார்க்கும் இஞ்ஞாசி அன்று ஏறவில்லை.

முகத்துவாரத்திலேயே வள்ளம் தரைதட்டிப் புரண்டது. மற்றவர்கள் நீந்தி வந்தார்கள். இஞ்ஞாசி வரவில்லை.

அபின் ஸ்மைலினை போனில் பிடித்தான். "லேய், ஆழம் எதுல வருது?"

"மீட்டர்ல. பாகத்துல இருந்தத நேத்தே மாத்தி புஷ் பண்ணினனே, நீ பாக்கலியா?"

அபினின் கோடில் எல்லை ஒரு பாகம், அப்பா இரு கைகளையும் விரித்துக் காட்டிய அளவு, ஒன்றேமுக்கால் மீட்டருக்கு மேல். அன்றைய ஆழம் ஒன்றேகால் மீட்டர். பாகத்தில் முக்கால்கூட இல்லை. ஆனால் ஒன்றேகால் ஒன்றைவிடப் பெரிது, அதனால் பச்சை. இருவரும் தொட்டது வேறு வேறு ஃபைல். மெர்ஜ் வரிகளை ஒட்டும், அளவைக் கேட்காது.

தேடப்போகும் வள்ளங்களில் இன்ஜின் உறுமியது. ஒருவன் கத்தினான்: "பச்சதாம்லே காட்டுது, விடு!"

அபின் மணலிலேயே லேப்டாப்பைத் திறந்தான். ஃபெட்ச் கொடுத்தான். ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். எல்லையை மீட்டருக்கு மாற்றிப் புஷ் செய்தான்.

இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. சிலுவைதாசன் போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"செவப்பு விழுந்துட்டு, மக்கா. ஒங்கப்பன் அங்கல்லாடே கெடக்கான்?"