சந்தனம் பட்ட கார்டுகள்

எங்க கொழுந்தனார் தண்ணியைக் கணக்கில் பிடிக்கிறார் என்று கொழிஞ்சாம்பாறை சந்தையில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட ரெண்டு பேர் எங்க ஊட்டுக்காரரைத் தேடி வந்து, வாய்க்கால் முறையில் தங்களுக்கு வரும் தண்ணியைக் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லித் தம்பியிடம் கேட்கச் சொன்னார்கள். எழுபதுகளின் நடுவில் அது. கொழுந்தனார் அப்போது கோயமுத்தூரில் ஒரு காலேஜில் கணக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் பெண்டாட்டியை எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது.

நான் படித்தது ரெண்டாங் கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் இன்றைக்கும் வாசிப்பேன், எழுதுவதும் மெதுவாகத்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. காடு, தோட்டம், ஆள், மாடு எல்லாம் என் வாய்க்குக் கட்டுப்பட்டு நடந்தன. தெரியாததைக் கேட்காமல் விடுகிற பழக்கமும் எனக்கு இல்லை. லீவுக்கு வந்திருந்த கொழுந்தனாரை ஒரு நாள் களத்தில் நிறுத்திக் கேட்டேன்.

"ஏனுங்க, மதகுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு மரச்சீவலைத் தண்ணியில போட்டுப் போட்டுப் பாக்கறீங்களே, என்னத்தைத்தான் பாக்கறீங்க?"

"தண்ணி விழுந்து நொரைச்சுச் சுத்துதில்லீங் நங்கை, அந்தச் சுழியைப் பாக்கறேன். எது வரைக்கும் சுத்துது, எந்த எடத்துல திரும்பி நேரா ஓடுதுன்னு."

"கண்ணால பாத்தாச்சு. அப்பறம் கணக்கு எதுக்கு?"

"கண்ணால பாக்காமயே சொல்லோணும். நாளைக்கு வேற எடத்துல மதகு கட்டறாங்கன்னு வெய்யுங்க. கட்டறதுக்கு முன்னாலயே அங்க தண்ணி எப்படிச் சுத்தும், கரையை எங்க அரிக்கும்னு சொல்லிரலாம்."

ஒரு குச்சியை எடுத்துக் களத்து மண்ணில் வாய்க்காலைக் கோடு போட்டார். அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தைக் கேட்குமாம். நீ எத்தனை வேகமா வர்றே, என்னை எந்தப் பக்கம் தள்றே என்று. கேட்டுவிட்டுத் தன் கணக்கை மாற்றிக்கொள்ளுமாம். எல்லாக் கட்டமும் கேட்டு முடித்தால் கண் இமைக்கிற நேரம் போனதாக வைத்துக்கொண்டு மறுபடி முதலில் இருந்து கேட்க வேண்டுமாம்.

"ஊர்க்கதை பேசற மாதிரி இருக்குது" என்றேன்.

"அதேதானுங்" என்று சிரித்தார். "கட்டத்தை விடச் சின்னச் சுழி இருக்குது பாருங்க, அதுதான் தொந்தரவு. அது எந்தக் கட்டத்துக்கும் தெரியாது. ஆனாப் பெரிய சுழியோட பலத்தைத் தின்னு தீக்கறது அதுதான். அதுக்கு ஒரு உத்தேசம் போட்டுத்தான் ஆகோணும். உலகத்துல இருக்கற கணக்குக்காரங்க அத்தனை பேரும் அந்த உத்தேசத்துக்குத்தான் அடிச்சுக்கறாங்க."

இத்தனை கேள்வியையும் மனுசன் கையால் போட்டால் ஆயுசு போதாது. அதற்கு மெட்ராஸில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. நம்ம கேள்வியைக் கெட்டி அட்டைக் கார்டுகளில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக் கொடுத்தால் அது படித்துப் பதிலை அச்சடித்துத் தரும். கொழுந்தனார் ஒரு தடவை கொடுத்தனுப்பினார், பதில் தபாலில் வீட்டுக்கே வந்தது. தலையணை மாதிரிப் பேப்பர் கட்டு. பிரித்தால் முதல் ரெண்டு பக்கம் எண்கள். அதற்கப்புறம் பக்கம் பக்கமாக வெறும் நட்சத்திரக் குறி.

மாமியார் எட்டிப் பார்த்து, "என்ற சாமி, பூராவும் நட்சத்திரமா வந்திருக்குதே! நல்ல நேரத்துல பொறந்த கணக்கு" என்றார்.

கொழுந்தனார் சிரித்தார். ஆனால் அன்று தட்டில் கை வைத்துவிட்டு எழுந்துகொண்டார். எண் வீங்கி வீங்கி, எழுத இடம் பத்தாமல் போனால் மிசின் அப்படி நட்சத்திரம் போடுமாம். ஒரு இமைப்பில் தண்ணி ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டால் கணக்கு நிலை தப்பி வீங்கிப் போகுமாம். குதிக்காமல் இருக்க இமைப்பைச் சின்னதாக்க வேண்டும். சின்னதாக்கினால் கேள்வி பெருகும், மிசினில் நேரமும் கூட வேண்டும். அந்த நேரம்தான் கிடைக்கவில்லை. அவருடைய சார் மெட்ராஸுக்கு எழுதிக் கெஞ்சி ஒரு முறை வாங்கிக் கொடுத்தார். விஜயதசமிக்கு மறுநாள். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் அந்த மாசத்தோடு நின்றுவிடும். கணக்கு வீங்காமல் நின்றால் படிப்பு நிலைக்கும், இல்லாவிட்டால் பாதியில் விட்டுவிட்டு வேலை தேட வேண்டியதுதான்.

ஆயுத பூஜைக்குக் கார்டுகளோடு வீட்டுக்கு வந்தார். இங்கிருந்து கோயமுத்தூர் போய் ரயில் பிடிப்பதாக ஏற்பாடு. எங்க ஊர் தமிழும் மலையாளமும் கலந்த எல்லை ஊர். கோயமுத்தூர்ப் பக்கத்தைப் போல மோட்டார், வண்டி, கலப்பை, அரிவாளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்போம். மலையாளத்துக்காரர்களைப் போலப் புஸ்தகங்களையும் பூஜைக்கு வைத்து, விஜயதசமி வரை தொடாமல் இருப்போம். நெற்றியில் திருநீறு வைக்கச் சொன்னால் மழுப்புகிற கொழுந்தனார், அந்த வருசம் தானாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நங்கை, இதையும் வெச்சிரலாமுங்களா?"

"என்னுங் இது, அதிசயமா இருக்குது?"

"கேக்காதீங்க. வெய்யுங்க."

வைத்தேன். நீளமான அட்டைப் பெட்டி, மூடி திறந்திருந்தது. கார்டுகள் நெருக்கமாக நின்றன. அவற்றின் மேல் விளிம்பில் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குச் சிவப்பு மையில் சாய்வாக ஒரு கோடு இழுத்திருந்தார். கார்டு கலைந்தால் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாமாம். அதைத் தெரிந்துகொண்டு நான் பாட்டுக்கு வடைக்கு ஆட்டப் போய்விட்டேன்.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்தாயிற்று. பெட்டியைத் தூக்கின கொழுந்தனார் "அம்மா!" என்று ஒரு சத்தம் போட்டார். கார்டுகளின் விளிம்பில், சிவப்புக் கோட்டுக்குக் குறுக்கே, கெட்டிச் சந்தனம் மூன்று பட்டையாக இழுகி, நடுவில் குங்குமப் பொட்டு. சந்தனத்தின் ஈரம் உள்ளே இறங்கி நடுவில் இருந்த கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி உப்பியிருந்தன.

மாமியார் பதறவே இல்லை. "நீ கோட்டைக் கோணலாப் போட்டிருந்தே சாமி. சாமி முன்னால கோணலா இருந்தா நல்லாவா இருக்கும்? நான் நேராப் போட்டுட்டேன்."

கொழுந்தனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "தொடைச்சாப் போயிராதா?" என்று கேட்டார். போகாது. கார்டு துளி தடித்திருந்தாலும் மிசின் வாயில் சிக்கிக்கொள்ளும்.

இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுச் சூடு பண்ணி, மேலே துணி விரித்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். ஓரத்தில் இருந்தவை தப்பின. நடுவில் இருந்தவை அப்பளம் மாதிரி நெளிந்தன.

"இதுகளைப் புதுசாத்தான் போடோணும்" என்றார் கொழுந்தனார். "காலேஜ்ல ஓட்டை போடற மிசின் இருக்குது. ஆனாப் போட்டதைச் சரி பாக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். இன்னைக்குப் பொழுதோட ரயிலு."

ஊட்டுக்காரருக்கு அன்று வாய்க்கால் முறை, மதகை விட்டு அசைய முடியாது. "நான் வர்றேன்" என்றேன்.

"இங்கிலீசு எழுத்துங் நங்கை."

"ஓட்டை எந்த பாசையில இருக்குது?"

கொழுந்தனார் சட்டையை எடுத்து மாட்டினார்.

பொள்ளாச்சி போய் பஸ் மாறி, மத்தியானத்துக்கு மேல் காலேஜ் போய்ச் சேர்ந்தோம். கேட்டில் வாட்ச்மேன் கையை விரித்தான்.

"மிசினுக்குப் பூஜை போட்டு மூடியிருக்குதுங் சார். ஆபீஸர் வந்து பூஜை எடுத்தாத்தான் தொறக்கோணும். நாளைக்குக் காத்தால வருவாருங்."

"விஜயதசமி இன்னைக்கா நாளைக்கா?" என்றேன்.

"இன்னைக்குத்தானுங்கம்மா."

"அப்ப நாளைக்கு எடுக்கற பூஜை எந்தச் சாமிக்குப் போய்ச் சேரும்? கல்யாணமான பொம்பளை, காத்தால இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாம வந்து நிக்கறேன். எதிர்த்தாப்புல கடையில கற்பூரம் வாங்கிட்டு வா. நான் எடுத்துத் தர்றேன்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் கொழுந்தனாரிடம், "ஏனுங் சார், இவங்க யாருங்?" என்றான்.

"எங்க நங்கைங்க."

"கெட்டிக்காரங்களாத்தான் இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே கடைக்குப் போனான்.

மிசினுக்கும் ஒரு சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். கற்பூரம் காட்டி, மாலையை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டினேன். கொழுந்தனார் உட்கார்ந்து, நெளிந்த கார்டைப் பார்த்துப் பார்த்துப் புதுக் கார்டில் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் டக் டக்கென்று ஓட்டை விழுந்தது. முடித்ததை என்னிடம் நீட்டினார்.

"பழசு மேல புதுசை வெச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. ஓட்டை எல்லாத்துலயும் வெளிச்சம் வரோணும். திருப்பியும் பாருங்க."

அந்த வேலைக்கு எழுத்து எதற்கு? ஜன்னலோரம் நின்று பார்த்தேன். பார்த்ததை மடியில் வரிசையாக அடுக்கினேன். தப்பானதைத் திருப்பி நீட்டினேன்.

"இதுல ஒரு ஓட்டை அடைச்சிருக்குது."

"போன கார்டுலயும் இதையே சொன்னீங்களே."

"போன கார்டுலயும் அடைச்சிருந்துது. காத்தால சாப்பிட்டீங்களா இல்லீங்களா?"

"சாப்பிடற நேரமுங்களா இது?" என்றார். அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். வேர்வையில் கண்ணாடி மூக்கில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. வாட்ச்மேனிடம் டீ வாங்கி வரச் சொன்னேன். குடித்த பிறகு தப்பு குறைந்தது.

கடைசிக் கார்டைப் பார்த்து முடித்ததும் புதுசையும் தப்பின பழசையும் அடுக்கிப் பெட்டியை மூடிச் சணலால் கட்டினார். ரயில் ஸ்டேசன் வரை கூடப் போனேன். பெட்டியை மேலே வைக்க விடவில்லை. "மடியிலயே வெச்சுக்குங்க" என்றேன். வண்டி நகரும்போது, "வீங்காதுன்னு சொல்லுங் நங்கை" என்றார். சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் கேட்கிறவருக்குச் சொல்லத்தானே வேண்டும்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளியில் காட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. மாமியார் மட்டும் கோயிலுக்கு ஒரு நடை கூடுதலாகப் போய் வந்தார்.

ஒரு மத்தியானம் மாட்டுக்குப் பிண்ணாக்குக் கரைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். கொழுந்தனார் தோளில் பேப்பர் கட்டோடு நின்றார்.

"நின்னுருச்சுங் நங்கை."

கரைத்த கையோடு எழுந்தேன். "என்ன நின்னுருச்சு? படிப்பா?"

"அய்யோ, கணக்குங்க! வீங்காம நின்னுருச்சு!"

அங்கேயே மாட்டுத் தொட்டி மேல் பேப்பரை விரித்தார். எண்கள் முதலில் தாறுமாறாக ஏறி இறங்கின. போகப் போக ஆட்டம் குறைந்து, கடைசிப் பக்கங்களில் அதே எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. எண் எனக்குத் தெரியும், விரல் வைத்து நானே பார்த்தேன். மரச்சீவல் திரும்பின இடத்துக்கும் கணக்குச் சொன்ன இடத்துக்கும் சுமார் ஒரு முழம் வித்தியாசமாம்.

"ஒரு முழம் தப்பா?" என்றேன்.

"ஒரு முழந்தான் தப்புங்!" என்று குதித்தார். "உத்தேசத்தை இன்னும் கொஞ்சம் திருத்தோணும். அதுக்கு இன்னொரு வருசம் உதவித்தொகைக்குச் சார் எழுதிட்டாருங்க. அவங்களும் குடுக்கறோம்னு சொல்லிட்டாங்க."

மாமியார் உள்ளே இருந்து வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனார் அவர் காலில் விழுந்து கும்பிட்டுவிட்டார். கிழவிக்கு அன்றைக்குத்தான் கண் கலங்கினது. காட்டில் இருந்து வந்த ஊட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலைத்துண்டை உதறி, "அப்ப இந்த வருசமும் கடலைக்காய் பறிக்க நீ வரப் போறதில்லை" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன்.

எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டு நானும் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, பகலில் படுக்காத நான், முந்தானையை விரித்து நடு வீட்டில் படுத்தேன். பொழுது சாய்கிற வரைக்கும் ஒருத்தரும் என்னை எழுப்பவில்லை.