கசந்தால் விஷமில்லை

என் தங்கையின் மாமனாருக்குச் சிறியாநங்கைச் செடியின் மேல் இருந்த நம்பிக்கையில் கால் பங்கு டாக்டர்கள் மேல் இருந்திருந்தால், நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது. பார்ப்பதற்கு மிளகாய்ச் செடி மாதிரி இருக்கும். ஏரிக்கரையிலும் வரப்பிலும் யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் முளைக்கும். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டால் கசப்பு லேசில் நாக்கை விட்டுப் போகாது. காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் குடித்தால் கேட்கவும் செய்யும், மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவருக்குத் தெரியாததே கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நூம்பலில் நெல்வயல்களை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு அப்படியொரு மனையில் எழும்பியது. மூன்று பக்கமும் இன்னும் வயல்தான். வயலை விற்றாகிவிட்டது என்று பாம்புகளுக்கு யாரும் சொல்லவில்லை. மாமனார் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, யாரும் கேட்காமலே வைத்தியராகிவிட்டார்.

வீட்டைச் சுற்றி வேலி மாதிரி அந்தச் செடியை நட்டிருந்தார். அதன் காற்று பட்ட இடத்துக்குப் பாம்பு வராதாம். பாம்போடு சண்டை போட்ட கீரி ஓடிப்போய் இதைத்தான் தின்னுமாம். எந்தக் கீரி வந்து இவரிடம் சொன்னது என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுக்கும். சம்பந்தி வீடாயிற்றே என்று அடக்கிக்கொள்வேன். வீட்டு விலக்கான பெண்கள் செடிப் பக்கம் போகக் கூடாது. பொழுது சாய்ந்தால் செடி தூங்கிவிடும், பறிக்கக் கூடாது. அவசரமென்றால் விளக்கேற்றி, மந்திரம் சொல்லிச் சாபம் நீக்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பறிக்கலாம். எதிர்மனைக்காரர் சர்க்கரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையோடு, இவர் கொடுத்த இலையையும் கைப்பிடி கைப்பிடியாக மென்றார். வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயங்கி விழுந்தார். அந்த மனிதர் பிழைத்ததே பெரிது. இவரோ அதையும் செடியின் வீரியத்துக்குச் சாட்சியாகச் சொல்லித் திரிந்தார். வெட்கம் என்பதே இல்லாத ஜென்மம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சோதனை வைத்திருந்தார். பாம்பு கடித்தவர் வாயில் இந்த இலையைப் போட்டு மெல்லச் சொல்ல வேண்டும். கசந்தால் விஷம் ஏறவில்லை. இனித்தால் ஏறிவிட்டது. அவ்வளவுதான் வைத்திய சாஸ்திரம்.

மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கொரட்டூரிலிருந்து தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் கணவருக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். விளக்கு வைக்கிற நேரத்தில் வெந்நீர் அடுப்புக்கு விறகு எடுக்கப் பின்பக்கம் போனவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாதத்தில் இரண்டு புள்ளி. கடித்தது என்னவென்று யாரும் பார்க்கவில்லை. விறகு அடுக்கியிருந்தது அந்தச் செடிவேலிக்கு அடியில்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். மாமனார் காதிலேயே வாங்கவில்லை. அகல் விளக்கு தேடினார், திரி தேடினார், தீப்பெட்டி நமத்துப்போயிருந்தது. பெண்பிள்ளை கால் வீங்கிக்கொண்டிருக்க, மனிதர் செடிக்கு முன்னால் கைகட்டி நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு கொத்து இலையைக் கொண்டுவந்து அவள் வாயில் திணித்து, கசக்கிறதா என்று கேட்டார். கசக்கிறது என்றாள்.

"தண்ணிப் பாம்பும்மா. வெசமே இல்ல. நம்ம வேலிய தாண்டி வெசப் பாம்பு எப்டி வரும்? போய் படு."

சந்தேகத்துக்கு இன்னொரு கொத்து கொடுத்தார். அதுவும் கசந்தது. வாசலில் கூடியிருந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் பெருமூச்சு விட்டு, செடியைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள்தான். ஒருவருக்காவது, நல்ல உடம்போடு இருக்கிறவர் மென்றாலும் அது கசக்கத்தானே செய்யும் என்று தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கையின் இமைகள் சரிந்தன. கண்ணைத் திறந்து பார் என்றேன்.

"தொறந்துதாங்கா வெச்சிகீறேன்" என்றாள். நாக்கு குழறியது.

மருந்து வேலை செய்கிறது, அதனால்தான் தூக்கம் என்றார் அவர். அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வாசலை மறித்தார். வாசற்படி தாண்டினால் மருந்து முறிந்துவிடுமாம்.

"முறியட்டும்" என்று சொல்லி அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். சம்பந்தி வீடு என்பதெல்லாம் அந்த நிமிஷத்தோடு சரி.

எதிர்மனைக்காரர்தான் நெடுஞ்சாலைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. தொண்டையில் குழாய் விடுவதற்கு முன்னால் வாய்க்குள் என்ன பச்சை என்று நர்ஸ் கேட்டார். மென்ற இலை உள்நாக்கு வரை அப்பிக்கிடந்தது. அதைத் தோண்டி எடுத்த பிறகுதான் குழாய் இறங்கியது. விஷமுறிவு மருந்தைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். கடித்தது நாகமாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

குழாயை எடுத்த அன்று மாமனார் கட்டில் அருகே நின்றிருந்தார். வாயில் என்னத்தைப் போட்டீர்கள் என்று டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். தங்கை வறண்ட குரலில் மெதுவாகப் பேசினாள்.

"கடைசி வரைக்கும் கசந்துகினேதாங்கா இருந்துச்சு. மூச்சு நின்னுட்ற மாதிரி இருந்தப்பக் கூட கசந்துச்சு."

இதற்கு மேலும் ஒரு மனிதருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது? அவர் முகத்தைப் பார்த்தேன். பளிச்சென்று மலர்ந்திருந்தது.

"பாத்தியா? கடைசி வரைக்கும் கசந்துகீது. அப்போ வெசமே ஏறல. நான் அன்னிக்கே சொன்னேன். வீணா ஊசி போட்டு ஒடம்ப கெடுத்துட்டாங்க."

சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரர் பக்கம் திரும்பி, செடியை எந்த மாதத்தில் நட வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தார். அந்த ஆளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அக்கா, இங்கேர்ந்து நேரா கொரட்டூருக்கே கூட்டிகினு போயிடு. அந்த ஊட்டுக்கு நான் வரல."