தெற்குக் கரையில் ஒன்றும் இல்லை

ரெமெய்க்கு ஐம்பத்தேழு வயது. எப்ரோ ஆறு கடலில் கலக்கும் அந்தத் தட்டை நிலத்தில் அவளைத் தெரியாதவர்கள் இருந்தால், நேற்று வந்து இறங்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும். வாய் அப்படி. கழி ஊன்றித் தள்ளும் தட்டைப் படகில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. பூநாரைக் கூட்டம் கிளம்பியதும் படகில் எழுந்து நின்று படம் பிடிக்கிற ஆளைப் பார்த்து, "உக்காருங்க சார், நீங்க விழுந்தா தண்ணி முழங்கால் வரைக்கும்தான், ஆனா சேறு கழுத்து வரைக்கும்" என்பாள். அவர் பெரிய டாக்டராக இருந்தாலும் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் கேட்டவர் முகத்தைப் பார்த்து ஆளுக்கொரு காரணம் சொல்வாள். பாதிரியாரிடம் ஒன்று, மீன் கடைக்காரியிடம் ஒன்று. இரண்டும் பொய் என்று இருவருக்கும் தெரியும்.

படகு வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு என்று அவள் வைத்திருந்தது உப்புக்கொத்தியை. கைப்பிடிக்குள் அடங்கும் பறவை. அதற்குக் கூடு கட்டவும் தெரியாது. கடற்கரை மணலில் ஒரு குழி பறித்து மூன்று முட்டை இடும். முட்டையும் மணல் நிறம். மிதித்த பிறகு காலடியில் கேட்கும் சத்தத்தில்தான் அங்கே முட்டை இருந்தது தெரியும். மார்ச் முதல் ஜூலை வரை பத்து நாளைக்கு ஒருமுறை கரையோரம் நடந்து அந்தக் குழிகளை எண்ணி, பறவைக் காப்பகத்து அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பது ரெமெயின் வேலை. சம்பளம் கிடையாது. பத்தொன்பது வசந்தமாகச் செய்துவருகிறாள்.

எழுதிக் கொடுப்பதற்கு மதிப்பு இருந்தது. முட்டை இருக்கிற கரைக்குக் கயிறு கட்டிவிடுவார்கள், யாரும் உள்ளே போகக் கூடாது. மூன்று வருஷம் தொடர்ந்து ஒரு முட்டைகூட இல்லை என்றால் கயிற்றை அவிழ்த்து, கடை போடவும் விளையாடவும் திறந்துவிடுவார்கள்.

வடக்குக் கரை அவளுடையது. தெற்குக் கரை சிஸ்கோவினுடையது. சிஸ்கோ அவளைவிட ஐந்து வயது மூத்தவன். வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகுக் காவலனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு நாள் முழுக்க அவன் பேசுவதை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். மீதியை ரெமெய் பேசிவிடுவாள். அவன் மகள் நோயெலியாவுக்கு இவள்தான் ஞானத்தாய். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனாள். அதன் பிறகு தலை வாரிவிட்டதும், நீச்சல் கற்றுக்கொடுத்ததும், முதல் காதல் முறிந்தபோது ராத்திரி முழுக்க முதுகைத் தடவிக்கொண்டு இருந்ததும் ரெமெய்தான்.

ஒருவர் கரையில் மற்றவர் கால் வைப்பதில்லை. எண்ணத் தொடங்கிய நாலாவது வருஷம், ஆசை தாங்காமல் இருவரும் சேர்ந்து இரண்டு கரையையும் நடந்து, உன்னுடையதைப் பார், என்னுடையதைப் பார் என்று குழந்தைகள் மாதிரி காட்டிக்கொண்டார்கள். அந்த வாரமே நரி வந்தது. இரண்டு பேர் காலடித் தடத்தின் மேலேயே நடந்து, தபால்காரன் வீடு வீடாகப் போவது மாதிரி ஒன்பது குழியிலும் ஏறி இறங்கி முட்டையெல்லாம் தின்றிருந்தது. ரெமெய் மணலில் உட்கார்ந்து அழுதாள். அன்றிலிருந்து ஒரு கரைக்கு ஒரே ஆள்தான். அந்த ஆளும் பின்னால் புதர்க் கிளையை இழுத்துத் தடத்தை அழித்துக்கொண்டே நடக்க வேண்டும். குழியிலிருந்து பத்தடி தள்ளி ஒரு நாணல் குச்சியை நட்டு, தலையைக் குழிப் பக்கம் ஒடித்து வைப்பார்கள். அடுத்த சுற்றில் தேடித் தேடி மிதிக்க வேண்டாம் அல்லவா. அந்தக் குச்சிக்கு அர்த்தம் இந்த இரண்டு பேருக்கும்தான் தெரியும்.

அலுவலகத் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும். கண்டவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. ஜூலைக் கடைசியில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, தக்காளி தேய்த்த ரொட்டியைத் தின்றுகொண்டே தாளை மாற்றிக்கொள்வார்கள். அவன் தாளில் இவள் சரிபார்த்தவர், இவள் தாளில் அவன். சரிபார்ப்பது எங்கே? போய்ப் பார்த்தால் நரிக்கு வழி காட்டியதாகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அதில் ரெமெய்க்குப் பெருமைகூட. ஊரில் புருஷன் பெண்டாட்டிகூட இப்படி நம்புவதில்லை என்று சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சிஸ்கோவின் தாளில் பூஜ்யம் இருந்தது. "ஒண்ணுமில்ல, ரெமெய்" என்றான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வடக்கே இந்த வருஷம் நாலு குழி கூடுதல், உன் பறவைகள் என்னிடம்தான் வந்திருக்கும், பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அடுத்த வருஷமும் பூஜ்யம். அதற்கடுத்த வருஷமும். காப்பகத்துக் கூட்டத்தில் ஏன் இப்படி என்று கேட்டபோது சிஸ்கோ தலையைக் குனிந்துகொண்டான். ரெமெய்தான் எழுந்து, குளிர்காலப் புயலில் தெற்கே மணல் அரித்துப்போனதையும் கட்டவிழ்த்துவிட்ட நாய்களையும் பற்றிக் கால் மணி நேரம் பேசினாள். கூட்டம் தலையாட்டியது. இந்த மார்ச்சில் தெற்குக் கரையின் கயிற்றை அவிழ்த்தார்கள்.

ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. ஞானத்தாய் கேக் கொண்டுபோய்க் கொடுக்கும் நாள். பன்னிரண்டு வயதோடு நிறுத்த வேண்டிய வழக்கத்தை நோயெலியாவுக்கு முப்பத்தொன்று ஆகியும் ரெமெய் விடவில்லை. வாய்க்கால் கரையில் இருந்த சிஸ்கோவின் குடிசைக்கு வெளியே விறகு அடுப்பில் விலாங்குச் சோறு வெந்துகொண்டிருந்தது. நோயெலியா அன்றைக்குச் சந்தோஷத்தில் ஒரு நிலையில் இல்லை. தெற்குக் கரையில் கடை போடவும், காற்றுப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கும் விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கவும் அவளுக்கு அனுமதி வந்திருந்தது. இனி வேலை தேடி பார்சிலோனாவுக்குப் போக வேண்டியதில்லை, உன் பக்கத்திலேயே இருக்கப்போகிறேன் என்று ரெமெயைக் கட்டிக்கொண்டாள். ரெமெய்க்கும் கண் கலங்கிவிட்டது. பறவைதான் போய்விட்டது, பிள்ளையாவது தங்கட்டும் என்று நினைத்தாள்.

"நாளைக்குக் காலையில டிராக்டர் வருது, பத்ரினா. மணலை வாரிச் சமப்படுத்தணும்" என்றாள் நோயெலியா. சின்ன வயதிலிருந்து ஞானத்தாயை அப்படித்தான் கூப்பிடுவாள். "கரை சுத்தமாத்தான் இருக்கு. அப்பா நட்டு வச்ச நாணல் குச்சிதான் அங்கங்க நிக்குது. பழக்கம் விடல பாரு அவருக்கு."

அடுப்படியில் சிஸ்கோவின் கரண்டி நின்றது.

ரெமெய் கேக்கை வெட்டினாள். எல்லோருக்கும் ஒரே அளவாக வெட்டினாள். ஒன்றும் இல்லாத கரைக்கு எதற்குக் குச்சி? படகில் ஏதோ மறந்துவிட்டேன் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே தெற்குக் கரைக்குப் போனாள்.

பதினைந்து வருஷமாகக் கால் வைக்காத மணல். முதல் அடி வைக்கும்போது திருட்டுக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. நாற்பதடி தாண்டியதும் முதல் குச்சி. தலை ஒடிந்திருந்தது. அது காட்டிய பக்கம் பார்த்தாள். மூன்று முட்டை. தாய்ப்பறவை இறக்கை ஒடிந்த மாதிரி நடித்துக்கொண்டு அவளைத் தூர இழுத்துப் போகப் பார்த்தது. வெயில் சாயும் வரை நடந்தாள். பதினொரு குச்சி, பதினொரு குழி. ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொரு குச்சியும் சரியாகப் பத்தடியில், மணல் சரியாமல் அமுக்கி நடப்பட்டிருந்தது. அந்த நேர்த்தியைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் சோம்பலில் எண்ணாமல் விட்டிருந்தால் மன்னித்திருப்பாள். எண்ணியிருக்கிறான். ஒவ்வொன்றையும் எண்ணி, காப்பாற்றி, பிறகு அவள் முகத்தைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறான்.

திரும்பி வந்தபோது கயிறு கட்டியிருந்த பழைய கம்பத்துக்கு வெளியே சிஸ்கோ நின்றிருந்தான். இரண்டு பேர் தடம் விழக் கூடாதென்று இப்போதும் உள்ளே கால் வைக்கவில்லை.

"பதினொண்ணு" என்றாள்.

"தெரியும்."

"போன வருஷம்?"

"எட்டு. அதுக்கு முன்னாடி பத்து."

"ஒண்ணே ஒண்ணு எழுதியிருந்தா போதும், சிஸ்கோ. கயிறு இருந்திருக்கும்."

"அதனாலதான் எழுதல." அவன் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினான். கடல் வருஷா வருஷம் இந்தக் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது, இன்னும் இருபது வருஷத்தில் மணலும் இருக்காது, பறவையும் இருக்காது, அதற்குள் மகள் பிழைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன் என்றான். டிராக்டர்காரனிடம் குச்சியைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன் என்றான்.

"சுத்திக்கிட்டுப் போவானா? அடுத்த வாரம் நூறு பேர் குடையும் கையுமா வருவாங்களே, அவங்களும் சுத்திக்கிட்டுப் போவாங்களா?"

அவன் பழைய கம்பத்தைப் பிடித்துக்கொண்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீ கையெழுத்துப் போட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்புறம்?" என்றான். பிறகு, அவன் வாழ்நாளில் சொன்னதிலேயே கொடிய வார்த்தையைச் சொன்னான். "உனக்குப் பறவைதான் பிள்ளை. எனக்குப் பெத்த பிள்ளை இருக்கு."

அவன் மகளுக்குத் தலை வாரிய கை இது. ரெமெய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அன்றிரவு தூங்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்துவிடலாம். நோயெலியா பக்கத்திலேயே இருப்பாள், ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து சாப்பிடுவது நடக்கும், கடையால் ஊரில் மூன்று பேருக்கு வேலை கிடைக்கும். பதினொரு குழி என்பது முப்பத்துச் சொச்சம் முட்டை. யாருக்குத் தெரியப் போகிறது? அவளுக்குத் தெரியும். அவளை முட்டாளாக்கியதுகூடப் பரவாயில்லை, அவள் வாயாலேயே கூட்டத்தில் புயல் கதையைச் சொல்ல வைத்தானே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு அலுவலகம் திறக்கும்போது வாசலில் நின்றாள். அரியாத்னா என்ற இளம் அதிகாரி நடந்ததைக் கேட்டுவிட்டு முதலில் டிராக்டரை நிறுத்தச் சொல்லிப் போன் செய்தாள். ஆளை அனுப்பிக் கயிறு கட்டச் சொன்னாள். பிறகு நோயெலியாவையும் வரச் சொன்னாள்.

நோயெலியா அனுமதிக் காகிதத்தைக் கையில் பிடித்தபடியே வந்தாள். தகப்பன் செய்தது அவளுக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாவற்றையும் நின்றுகொண்டே கேட்டாள். ரெமெய் அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"மூணு தாள்லயும் உங்க கையெழுத்தும் இருக்கே" என்றாள் நோயெலியா. "நீங்களும்தானே ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?"

பேச்சு வந்த நாளிலிருந்து நீ என்று கூப்பிட்ட பிள்ளை. காகிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அரியாத்னா புதுத் தாள் ஒன்றை நீட்டினாள். தெற்குக் கரை, பதினொரு குழி. கண்டவர் என்ற இடத்தில் ரெமெய் பேனாவை வைத்து யோசித்தாள். கண்டது அவள் இல்லையே. தேடியதும் குச்சி நட்டதும் அவன். பொய் எழுதிய தாள் போதும் என்று சிஸ்கோவின் முழுப் பெயரை எழுதினாள்.

பிறகு விசாரணைத் தாள். பதினைந்து வருஷமாக ஒருவர் கரையை மற்றவர் பார்க்காமலே ஒப்பமிட்டதால் வடக்குக் கரைக் கணக்கும் இனி செல்லாது என்றும், வேறு ஆட்களை வைத்து எண்ணப்போவதாகவும் அரியாத்னா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுக்கே கஷ்டமாக இருந்தது.

"மூணு வருஷத்துல ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சிஸ்கோ சொன்னானே" என்றாள் ரெமெய்.

அரியாத்னா விசாரணைத் தாளைப் பார்த்தாள். காரணம் என்ற கட்டத்தில் அதை எழுத முடியாது. அச்சிட்டிருந்த நாலைந்து காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கோடு போட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள். கவனக்குறைவு என்று இருந்தது. ரெமெய் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள், மறுபடியும் ஒருமுறை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.