தாம்போதியில் திரும்பிய லொறி

உயிரைத் தந்தவனும், தவணை வந்ததும் அதை எடுத்துக்கொள்பவனுமாகிய வல்ல அல்லாஹ்வைப் புகழ்கிறேன். தம்பி மவுத்தாகி ஒரு வருடம் முடிந்து அவருக்காக ஓதும் இந்தக் கத்தத்துக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் அயலவர்களுக்கும் என் ஸலாம். நான் அவருக்கு மூத்த அக்கா, அவர் வாயில் ராத்தா. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். என்றாலும் இதை வேறொருவர் எழுத நான் விடவில்லை. தம்பியின் கடைசி நாளில் அந்த லொறிக்குள் இருந்தவள் நான்.

தம்பி கல்முனைக்குடியில், கடற்கரைப் பக்கத்து வளவில் பிறந்தார். வாப்பா மவுத்தானபோது அவருக்கு மீசை முளைத்திருக்கவில்லை. கிளீனராக லொறியில் ஏறி, டிறைவராகி, கொழும்புக்கு நெல்லும் கருவாடும் ஏற்றினார். அல்லாஹ் அவருக்குப் பிள்ளைப் பாக்கியம் கொடுக்கவில்லை. அவர் மனைவி, என் மச்சியும், அவருக்கு முந்தி மவுத்தாகிவிட்டார். இளவயதில் புருஷனை இழந்த எனக்குத் தம்பிதான் துணை. என் மகளுக்குச் சீதன வீடு கட்டிக் கலியாணம் முடித்து வைத்தவரும் அவர்தான்.

கொழும்புக்குப் புறப்படும்போது வாசல் கடப்படியில் நின்று, "ராத்தா, போறது மகாஓயாவால, வாறது பிபிலையால" என்று சொல்லாமல் போகமாட்டார்.

"எனக்கென்னத்துக்கு இந்தக் கதை?" என்பேன்.

"நான் சுணங்கினா எந்தப் பக்கம் ஆள் அனுப்புறண்டு உங்களுக்குத் தெரியோணுமே."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அது பகிடி இல்லை.

புதிதாக லொறி எடுத்தவர்கள் அவரிடம் பாதை கேட்டு வருவார்கள். "போற தெருவ, இண்டைக்கு அந்தத் தெருவால வந்தவனிட்டக் கேளு. நேத்து வந்தவன்ட கதை நேத்தையத் தெருவுக்கு" என்பார். மலை வளைவுகளைப் பகல் வெளிச்சத்தில் பிடிக்கும்படி விடிய சுபஹு தொழுத கையோடு புறப்படச் சொல்வார். யானைக் காட்டை பொழுது பட்டு மஃரிபு வருமுன் தாண்ட முடியாவிட்டால் இந்தப் பக்கமே நிறுத்திவிட வேண்டும். பாரம் ஏற்றும்போதே வழியிலுள்ள பாலத்தை நினைக்க வேண்டும். திருப்ப இடம் எங்கே என்று தெரியாமல் ஒடுங்கிய தெருவில் நுழையக் கூடாது.

ஒருவர் சலித்துப்போய், "காக்கா, இவ்வளவும் பாத்துப் போனா எப்ப போய்ச் சேர்ற?" என்று கேட்டார்.

"பாக்காமப் போனவனுகள் இன்னும் வந்து சேரல்ல. வந்தா அவனுகளிட்டக் கேளு" என்றார் தம்பி.

சூறாவளி வருஷம் தென்னைகள் தெருவெங்கும் விழுந்து கிடந்தன. லொறியை நிறுத்துவார், முன்னால் நடந்து பார்ப்பார், திரும்பி வந்து ஓட்டுவார். அப்படியே மலைப் பக்கமிருந்து ஊருக்கு மா மூட்டை கொண்டுவந்து சேர்த்தார். அந்த மாவில் சுட்ட ரொட்டியைத் தின்றவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள்.

வயது போனதும் லொறியை என் மருமகனிடம் கொடுத்துவிட்டு, சொறிக்கல்முனைப் பக்கம் வயல் செய்தார். போன மாரியில் ஒரு நாள் நானும் மகளும் அவருக்குச் சோறு கொண்டு, மருமகன் ஓட்டிய லொறியில் வயலில் அவர் தங்கும் குடிசையான வாடிக்குப் போனோம். போகும்போது, ஆற்றைக் குறுக்கே தாண்டும் தாழ்ந்த தெருவான கிட்டங்கித் தாம்போதி காய்ந்து கிடந்தது. நடுப்பகல் லுஹருக்கு மேல் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வயல் வரம்பில் இருந்துவிட்டார்.

அவரை ஏற்றிக்கொண்டு தாம்போதிக்கு வந்தால், ஆற்றுத் தண்ணீர் தெருவுக்கு மேலால் பாய்ந்து கொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள், "முழங்கால் தண்ணிதான், உடு உடு!" என்று கத்தினார்கள்.

மருமகன் சொன்னார்: "மாமா, ஒரே இழுப்புல போயிருவன்."

தம்பி கண்ணைத் திறந்து தெருவோரம் பார்த்தார். "ஓரக்கல்லு தெரியுதா மனே?"

"இல்ல மாமா."

"கல்லுத் தெரியல்லெண்டா தெருவும் தெரியாது. திருப்பு."

"தம்பி, ஆஸ்பத்திரி அந்தா அக்கரையில கிடக்கே!" என்று நான் குளறினேன்.

"ஓம் ராத்தா, கிடக்கு. இடையில தெருக் கிடக்கல்லியே. ஒருத்தனுக்காக நாலு பேரையும் ஆத்துல குடுக்கவா?" பிறகு மருமகனிடம், "மத்தியமுகாம் ஊரால சுத்தி அம்பாறைக்குப் போ. அவசரப்படாத" என்றார்.

மருமகன் அழுதுகொண்டே லொறியைத் திருப்பினார். வழியில் தம்பி இரண்டு தரம் "மெல்ல, மெல்ல, பாலம் வருது" என்றார். பிறகு கலிமா சொன்னார். அம்பாறைக்குப் போய்ச் சேரும்போது என் மடியில் அவர் தலை மட்டும்தான் இருந்தது, உயிர் இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதன் பிறகு தேத்தண்ணிக் கடைகளில் ஒரு கதை உலாவுகிறது. "பயந்தாங்கொள்ளி டிறைவர். கிட்டங்கியால உட்டிருந்தா மனிசன் தப்பியிருப்பார்." அதைக் காதில் கேட்ட நாளிலிருந்து மருமகன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. சொன்னவர்களே, கேளுங்கள். லொறியைத் திருப்பச் சொன்னவர் தம்பி. அவர் சொல்லைக் கேட்டு நடந்தவர் மருமகன். தம்பியின் ஆயுள் அல்லாஹ் எழுதியது. அதற்கு மருமகன் மேல் பழி போடாதீர்கள்.

வயலிலிருந்து அவரைப் பாயில் தூக்கி வந்த சொறிக்கல்முனைப் பிள்ளைகளுக்கும், மத்தியமுகாமில் சேற்றில் புதைந்த சில்லைத் தள்ளிவிட்டவர்களுக்கும், ஜனாஸாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி தருவானாக. தம்பியின் கபுறை அவன் விசாலமாக்கி வைப்பானாக.

மருமகனே, நீங்கள் திருப்பியதால்தான் நானும் என் மகளும் இன்று இங்கே இருக்கிறோம். லொறிச் சாவி என் முந்தானையில்தான் முடிந்து வைத்திருக்கிறேன். கத்தம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். புறப்படும்போது கடப்படியில் கொஞ்சம் நின்று, எந்தப் பாதையால் போகிறீர்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.