ரெண்டு ரயர் காணும்

அருள்நாயகியின் வாய்க்கு லண்டன் கோலியர்ஸ் வுட் தமிழ்ச் சனம் எல்லாம் பயம். புருஷனை நாலு பேருக்கு முன்னால் கிழிகிழியென்று கிழிக்கிறவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். அந்தப் புருஷன் தில்லையம்பலம் என்ன செய்தார் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. அவர் பாவம், சாதுவான மனிசன், கோயிலில் எல்லோரையும் கும்பிட்டுச் சிரிப்பவர். சிரித்துக்கொண்டேதான் அத்தனையும் செய்தார்.

1990 இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவள் பக்கத்துத் தெருவில் வேலை முடித்து நடந்து வர, வாசலில் நின்ற அவளுடைய சின்ன நிஸான் காரைக் காணவில்லை. அந்த இடத்தில் சிவப்பு நிறத்தில், நீண்ட மூக்கோடும் இரண்டே கதவுகளோடும் ஒரு ஃபோர்ட் கப்ரி நின்றது. விளையாட்டுக் கார். கார்க் கடைக்காரனை வீட்டுக்கே வரவழைத்து, நிஸானைக் கொடுத்து மாற்றியிருந்தார். அவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை.

"எப்பிடி, வடிவோ?" என்றார் தில்லையம்பலம்.

"ஆர் ஓட்டுறது?"

"நீர்தான்."

அவளைத் தவிர வேறு யார்? அவரிடம் லைசென்ஸ் இல்லை. யாழ்ப்பாணத்தில் வங்கியொன்றில் உதவி மனேஜராக இருந்த காலத்தில் அவரை ஏற்றி இறக்க ஓர் ஆள் இருந்தான். லண்டனில் பெற்றோல் ஷெட்டில் காசு வாங்கிப் போடும் வேலை செய்துகொண்டு நாலு தரம் டிரைவிங் சோதனைக்குப் போனார், நாலு தரமும் கோட்டை விட்டார். அருள்நாயகி முதல் தரத்திலேயே பாஸ். அதனால் கார் அவருடையது, ஓட்டம் அவளுடையது. அவர் பக்கத்தில் இருந்துகொண்டு, கியரை மாத்தும், ஹோர்னை அடியும் என்று உத்தரவு போடுவார். ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்து, முன்சில்லின் அகல ரயரில் ஒரு காலை வைத்து நின்று படம் எடுப்பித்து ரொறன்ரோவில் இருக்கும் தமையனுக்கு அனுப்புவார்.

அவளுக்குப் பற்றி எரிந்தது. அந்த நிஸான் வெறும் காரல்ல. அது ஏன் வாங்கப்பட்டது என்று தில்லையம்பலத்துக்கு நன்றாகத் தெரியும்.

ஊரில் தையல் ரீச்சராக இருந்தவள் அருள்நாயகி. எண்பத்து நாலில் இங்கே வந்து, இரண்டு வருஷம் தொழிற்சாலையில் காற்சட்டைக்குப் பொத்தான் தைத்து, பிறகு கவுன்சிலில் ஹோம் ஹெல்ப் வேலை எடுத்தாள். தனியே இருக்கும் வயதுபோன வெள்ளைக்காரர்களின் வீடுகளுக்குக் காலையில் போய், ஹீற்றரைப் போட்டு, உடுப்பு மாற்றி, சாப்பிடக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அதில் ஒருவர் மிஸ்டர் பார்க்கர். எண்பத்தொரு வயது. இவள் வரும் நேரம் பார்த்து மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு இருப்பார். ஒன்று அவருக்கு, ஒன்று அவளுக்கு.

எண்பத்தேழு ஜனவரியில் பனி கொட்டியது. பஸ் இல்லை. நடந்தாவது போகிறேன் என்று அருள்நாயகி சப்பாத்தை மாட்டினாள். "விசரே உமக்கு? நீர் ஒராள் போகாட்டி உலகம் அழிஞ்சு போடுமே?" என்றார் தில்லையம்பலம். அவள் சப்பாத்தைக் கழற்றினாள். மூன்றாம் நாள் போனபோது மிஸ்டர் பார்க்கர் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். குளிரில் முதல் நாளே முடிந்துவிட்டதாம். மேசையில் இரண்டு கோப்பைகளும் அப்படியே இருந்தன.

யாருடைய பிழையும் இல்லை என்று மேலதிகாரி சொன்னாள். அதைக் கேட்க அருள்நாயகிக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அடுத்த மாதமே டிரைவிங் பழகத் தொடங்கினாள். லைசென்ஸ் எடுத்தாள், தன் சம்பளத்தில் நிஸானை வாங்கினாள். இனி எந்தப் பனிக்கும் வீட்டில் இருப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டினாள். அந்தக் காரைத்தான் இந்த மனிசன் படம் எடுக்கிறதற்காக மாற்றிப்போட்டார்.

டிசம்பரில் ஒருநாள் காலை கொஞ்சம் பனி தூவியது. கப்ரி வாசலை விட்டு அசைய மறுத்தது. மிதிக்க மிதிக்கப் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. அன்றைக்கே பக்கத்து ரயர்க் கடைக்குப் போனாள். அங்கே வேலை செய்தவன் பெனடிக்ற், மன்னார்க்காரன். லண்டனுக்கு வருமுன் மூன்று வருஷம் ஜேர்மனியில் அகதியாக இருந்து, அங்கேயும் ரயர் மாற்றியவன்.

"இந்தக் காருக்கு இஞ்சின் முன்னுக்கு அக்கா, இழுவை பின்னுக்கு," என்றான் அவன். "பின்பக்கம் பாரமில்லை. அதுதான் சுத்துது. அதோட இந்த அகல ரயர் வெயிலுக்குத்தான் சரி. குளிருக்கு ரப்பர் இறுகிப்போம். விண்டர் ரயர் போடுங்கோ. ரப்பர் மெது, வெட்டு ஆழம். ஜேர்மனியில ஒக்ரோபர் வந்தால் சனம் கியூவில நிக்கும். இஞ்சை கேட்டால் சிரிப்பாங்கள். நான் அங்கையிருந்து எடுப்பிச்சுத் தாறன்."

"எத்தினை வேணும் தம்பி?"

"நாலு. ரெண்டு போட்டு விளையாடக் கூடாது."

நாலுக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜனவரி கடைசியில் ரயர் வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்கு பஸ்ஸில் போயிருந்த நேரம் பெனடிக்ற் வீட்டுக்கே வந்து அவற்றைக் காரில் பூட்டிவிட்டுப் போனான். பின்னேரம் வந்து பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னுக்குக் கறுகறுவென்று பள்ளம் பள்ளமாய்ப் புது ரயர். முன்னுக்கு அதே பழைய அகல ரயர், அதே பளபளப்பு.

"மற்ற ரெண்டும் எங்கை?"

"ரெண்டு காணும், நாலு எதுக்கு?" என்றார் தில்லையம்பலம். "இழுக்கிறது பின்சில்லுதானே? முன்னுக்கும் அந்த ஒடுங்கல் சாமானைப் போட்டால் கார் பாக்க மாட்டு வண்டில் மாதிரி இருக்கும். படத்துக்கும் வடிவில்லை."

அருள்நாயகி பெனடிக்றுக்குப் போன் எடுத்தாள்.

"வீட்டை நிண்ட அண்ணைதான் சொன்னவர் அக்கா, நீங்களே ரெண்டு காணும் எண்டு சொன்னதாய்," என்றான் பெனடிக்ற். "ஏறுறது பின்சில்லு, ஓம். ஆனா திரும்புறதும் நிக்கிறதும் முன்சில்லு. அது பிடிக்காட்டி நீங்கள் ஸ்ரியரிங்கை எந்தப் பக்கம் வெட்டினாலும் கார் நேரதான் போகும். வாற சனி மற்ற ரெண்டையும் கொண்டு வாறன். அதுக்குள்ள ஸ்நோ வந்தால் எடுக்காதேங்கோ."

போனை வைத்துவிட்டுத் திரும்பியவள் பேசிய பேச்சு மூன்று வீட்டுக்குக் கேட்டது. "என்ரை பேரைச் சொல்லிப் பொய் சொல்ல உங்களுக்கு வெக்கமில்லையே? படமாம் படம்! ரொறன்ரோவில கொண்ணர் உங்கடை சில்லைப் பாத்தோ சாப்பிடுறார்?" தில்லையம்பலம் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். மறுநாள் கோயிலில் அவளுடைய வாயைப் பற்றித்தான் கதை நடந்தது.

சனிக்கிழமை வரைக்கும் பனி பொறுக்கவில்லை. வியாழன் தொடங்கியது, வெள்ளி காலை கணுக்கால் புதைய நின்றது. ரயில் இல்லை, பஸ் இல்லை. ஹோம் ஹெல்ப் ஆபீசில் யாரும் போனை எடுக்கவில்லை. நோர்பரியில், மேட்டுத் தெருவொன்றில் மிஸஸ் டால்ட்டன் தனியே இருந்தாள். எண்பத்து நாலு வயது, தானாக ஹீற்றர் போடத் தெரியாது, குனிந்தால் விழுந்துவிடுவாள். இவளை விட்டால் அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஒருவரும் இல்லை.

பெனடிக்ற் எடுக்க வேண்டாம் என்றது அவளுக்கு நினைவிருந்தது. மிஸ்டர் பார்க்கரும் நினைவிருந்தார். பின்பக்கத்துக்குப் பாரம் வேண்டுமென்று அரிசி மூட்டை இரண்டை இழுத்துப்போய் டிக்கியில் போட்டாள். காருக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்பில் தில்லையம்பலமும் ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

மிச்சம் என்கிற ஊர் வரைக்கும் ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். நோர்பரி மேட்டில் மற்றக் கார்கள் எல்லாம் குறுக்கும் மறுக்குமாய்க் கைவிடப்பட்டு நிற்க, கப்ரி உறுமிக்கொண்டு மெல்ல ஏறியது. பின்சில்லு பனியைக் கவ்விப் பிடித்தது.

"பாத்தீரோ?" என்றார் தில்லையம்பலம். "ரெண்டு காணும் எண்டு நான் அப்பவே சொன்னனான். நீர்தான் ஊரைக் கூட்டினீர்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மேடு முடிந்தது, இறக்கம் தொடங்கியது. மிஸஸ் டால்ட்டனின் தெருவுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். பிரேக்கை மெல்லத் தொட்டாள், ஸ்ரியரிங்கை வெட்டினாள். முன்சில்லு திரும்பியது, கார் திரும்பவில்லை. நேரே, அவசரமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு போய் ஒரு வீட்டு மதிலில் முட்டி நின்றது.

தில்லையம்பலம் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார். அருள்நாயகியின் நெற்றி ஸ்ரியரிங்கில் இடித்திருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. முன்சில்லின் முன்னால் பனியில் முழங்காலில் இருந்தார். "ஐயோ, சில்லு வெடிச்சுப்போச்சு! சில்லு வெடிச்சுப்போச்சு!"

அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"எங்கை போறீர்? காரை இப்பிடி நடுத்தெருவில விட்டிட்டோ? நீர் ஒராள் போகாட்டி உலகம் அழிஞ்சு போடுமே?"

அதே வார்த்தை. ஓர் எழுத்து மாறவில்லை. அருள்நாயகி திரும்பி வந்தாள். "எண்பத்தேழில இதைத்தான் சொன்னியள்," என்றாள். கத்தவில்லை. "நானும் கேட்டன். என்னை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை. உங்களையும் மன்னிக்கேல்லை. அந்தச் சில்லைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ." காரின் திறப்பை அவருடைய சட்டைப் பைக்குள் திணித்துவிட்டுப் போனாள்.

மூன்று இடத்தில் விழுந்தாள். முழங்கால் உரிந்தது. ஒவ்வொரு தரமும் எழும்பும்போது தில்லையம்பலத்தைத் திட்டினாள், ரொறன்ரோத் தமையனைத் திட்டினாள், நாலு வருஷத்துக்கு முன் சப்பாத்தைக் கழற்றிய தன்னையும் திட்டினாள். மிஸஸ் டால்ட்டனின் கதவைத் தன்னிடமிருந்த திறப்பால் திறந்தாள். வீடு வெளியைவிடக் குளிர்ந்து கிடந்தது, ஒரு சத்தமும் இல்லை.

குசினிக்கு ஓடினாள். அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. அதற்குப் பின்னால் கோட்டும் தொப்பியும் கையுறையுமாய், நீலம் பாய்ந்த உதட்டோடு மிஸஸ் டால்ட்டன் இருந்தாள். கண் திறந்திருந்தது. கண் இமைத்தது.

"பிந்திவிட்டாய்," என்றாள் கிழவி.

அவ்வளவுதான், அருள்நாயகி வெடித்தாள். ஆங்கிலம் எங்கேயோ போய்விட்டது, தமிழில் கத்தினாள். "ஆரை நம்பி ரெண்டு கோப்பை வைச்சனீங்கள்? நான் வராட்டி என்ன செய்திருப்பியள்? இப்பிடியே இருந்து விறைச்சுச் சாகவோ?" கத்திக்கொண்டே ஹீற்றரைப் போட்டாள், கம்பளியைக் கொண்டுவந்து சுற்றினாள், கத்திக்கொண்டே கேத்திலை வைத்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் விளங்காத மிஸஸ் டால்ட்டன் அவளுடைய கையைப் பிடித்து, தனக்கு இன்றைக்குச் சீனி இரண்டு கரண்டி போடச் சொன்னாள்.

தேநீர் ஊற்றும்போது கதவு தட்டப்பட்டது. தில்லையம்பலம். அவளுடைய காலடித் தடத்தைப் பிடித்து வந்திருக்கிறார், தலை முழுக்கப் பனி, தாடை அடித்துக்கொண்டது. பெற்றோல் ஷெட் சப்பாத்து நனைந்து ஊறியிருந்தது. உள்ளே வந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இரண்டு கோப்பைகளையும் பார்த்தார்.

"நாயகி," என்றார், "சரியாக் குளிருது."

மிஸஸ் டால்ட்டன் புதியவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். அலுமாரியில் இன்னொரு கோப்பை இருக்கிறது, எடு, என்று அருள்நாயகியிடம் சொன்னாள்.

அருள்நாயகி எழும்பவில்லை. தன்னுடைய கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு காணும்," என்றாள்.