எவர்சில்வர் டம்ளரில் ஆறு தோட்டா

செங்கல்பட்டு போலீஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்த வருஷங்களில், டம்ளரில் ஆறு தோட்டா விழும் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். என் கணவர் மாமல்லபுரம் பக்கம் ஒரு ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர். வந்ததும் ரிவால்வரின் உருளையைத் திறந்து தோட்டாக்களை எவர்சில்வர் டம்ளரில் கொட்டுவார். பிறகு உருளையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுவார். ஆறு குழி வழியாகவும் எதிர்ச்சுவர் தெரியும். கல்யாணமான புதிதில் நான் அழுது வாங்கிய வழக்கம் அது.

அவரைவிட வயதான துப்பாக்கி. அம்மிக் குழவி மாதிரி கனக்கும். கடல் காற்றில் துரு ஏறும். என் தையல் மிஷின் எண்ணெயில் பாதி அதற்குத்தான் போகும். இருந்தாலும் வயிற்றைத் திறந்து காட்டுகிற சாமான் என்று அதன்மேல் எனக்கொரு நம்பிக்கை.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் புது பிஸ்டல் கொடுத்தார்கள். கறுப்பு நிறம், பாதி பிளாஸ்டிக். துரு பிடிக்காது, தோட்டாவும் கூடுதலாகக் கொள்ளும். ஐந்தாவது படித்த எங்கள் மகள், திருப்போரூர் திருவிழாக் கடையில் விற்கிற பொம்மைத் துப்பாக்கி மாதிரி இருக்கிறது என்றாள். அவருக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் புரியவில்லை. கைப்பிடிக்குள் சொருகும் மேகசினில் தோட்டா இருக்கும், மேலே குழலுக்குப் பின்னாலும் ஒன்று இருக்கும் என்றார். அப்படியானால் காலி என்று எதைப் பார்த்துச் சொல்வது? கேட்டால் சிரிப்பார்.

ஆயுத பூஜை வந்தது. படாளத்தில் அவருடைய அப்பா ஏர்க்கலப்பைக்கு வைத்த பொட்டை இவர் துப்பாக்கிக்கு வைக்கச் சொல்வார். அரிவாள்மணை, கத்தரிக்கோல், மகளின் புத்தகங்கள் எல்லாவற்றோடும் அதுவும் சாமி முன்னால் இருக்கும். அன்று பிஸ்டலின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்தார். ஒரு தோட்டா வெளியே குதித்தது. பிறகு மேகசினைக் கழற்றினார். காலியா என்று கேட்டேன்.

"மேகசினத்தான் கயட்டிட்டேனே. இன்னாத்துக்கு பயந்துகினு கீற? இப்ப அது வெறும் இரும்பு."

நான் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. மகள் சாமி முன்னால் மணையில் உட்கார்ந்து, தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்தாள். முடித்ததும் பொரி கேட்டு அடுப்படிக்கு என்னிடம் வந்தாள். அவர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இடுக்கெல்லாம் காய்ந்த சந்தனம். துடைக்க வேண்டுமானால் அதைப் பிரிக்க வேண்டும். பிரிக்க வேண்டுமானால் முதலில் விசையை அழுத்த வேண்டும். அழுத்தினார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, மகள் உட்கார்ந்திருந்த மணை நடுவில் பிளந்து கிடந்தது.

முதலில் மேகசினைக் கழற்றிவிட்டு, அப்புறம்தான் மேல்பகுதியை இழுக்க வேண்டுமாம். இவர் மாற்றிச் செய்ததில், ஒரு தோட்டா வெளியே போன இடத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்துவிட்டது. பழைய ரிவால்வரில் முன்னே பின்னே என்ற பேச்சே கிடையாது.

போலீஸ் குவார்ட்டர்ஸில் அந்த வெடிச் சத்தத்தைப் பட்டாசு என்று சொல்லி யாரை நம்பவைப்பது? அவரே போய் மேலதிகாரியிடம் சொன்னார். விசாரணை நடந்தது, தண்டனையும் வந்தது. பிஸ்டலை வாங்கிக்கொண்டு பழைய ரிவால்வரையே கொடுத்தார்கள். கூட வேலை செய்தவர்கள் சந்தனக் காப்பு என்று கேலி செய்தார்களாம். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

ரிவால்வரோடு வந்த அன்று, பழையபடி டம்ளரில் கொட்டினார். உருளையைத் தூக்கிக் காட்டினார். மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"பாரு, காலி," என்றார். கெஞ்சுகிற குரல்.

ஆறு குழியிலும் சுவர் தெரிந்தது. "இன்னொரு தடவ காட்டுங்க," என்றேன்.

காட்டினார். அதற்கப்புறமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.